கடைசி வரிசைத் தாளம்

அன்பு மருமகளே,

நீ மேடையில் ஜெயிப்பாய் என்று நான் அன்றே சொன்னேன். நீ சீரியலை உதறிவிட்டு இசை நாடகத்துக்குப் போனதும் உன் அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தினாரே, அப்போதே "அத்தான், மேடைதான் அசல் கலை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். நடுவில் குளியலறைக் கதவு மட்டும்தான் இருந்தது.

எனக்குச் சினிமா, சீரியல், நாடகம் மூன்றும் அத்துப்படி. சினிமாவில் பாட்டு வந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். சீரியலில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் மாமியார் அதே படியில்தான் இறங்கிக்கொண்டிருப்பாள். நாடகத்தில் தும்மக்கூட நேரம் கிடையாது.

நேற்று உன் பெரிய பாட்டின் நடுவில் மைக் செத்தது. பின்னணி இசையும் நின்றது. நீ மிரண்டுபோய் நின்றாய். ஐந்நூறு பேர், இல்லை, ஐயாயிரம் பேர் மூச்சுவிடவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து கைத்தாளம் கேட்டதே, அது நான்தான்! அரங்கமே சேர்ந்து தட்ட, நீ வெறும் குரலில் பாடி முடித்தாய். பக்கத்து இருக்கை அம்மாள், "நீங்க பெரிய வித்வானா?" என்றாள். "எங்க குடும்பமே அப்படித்தாம்மா" என்றேன்.

அப்பா வரவில்லையே என்று நீ அழுதாயாம். உன் அம்மா சொன்னாள். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேலே எழுதியதில் ஒன்றே ஒன்று என் கைச்சரக்கு. தாளம் போட்டது நான் இல்லை. எனக்கு மறுபக்கம் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த உன் அப்பா. தான் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்ததாக உன்னிடம் சொல்லச் சொல்லித்தான் எனக்கு டிக்கெட்டே எடுத்துத் தந்தார்.

இப்படிக்கு,
வாய் தாங்காத உன் தாய்மாமன்