பத்து மணிக்குப் பூட்டியிருந்த வீடு

மிஸ்,

உங்கள் மேசையின் கீழ் லாச்சி இறுகிப்போய்க் கிடந்தது. இன்று காலை பியோனும் நானும் சேர்ந்து இழுத்ததில் ஒருவழியாகத் திறந்தது. உள்ளே மூலையில் நாலைந்து கராம்பும் அதன் வாசமும்தான் இருந்தன. இருமல் வராமலிருக்க நீங்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் கராம்பு. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பியோன் என்ன நினைத்தாரோ, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஓம், இப்போது உங்கள் கதிரையில் இருப்பவன் நான்தான். புது ஆள் வரும்வரை பதில் கடமை என்று கடிதம் வந்திருக்கிறது. நம் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதும் அறிக்கைகளெல்லாம் இனி என் கையெழுத்தோடுதான் நீதிமன்றம் போகும். எட்டு வருடங்களுக்கு முன் இந்தக் கதிரை எனக்குத்தான் என்று நம்பி இரண்டு சட்டை தைத்து வைத்திருந்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். என்னைவிட நாலு வயது இளையவர், ஆரையம்பதியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்குகிற ஒரு பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் என்னைச் சேர் என்பீர்கள், நான் உங்களை மிஸ் என்பேன். யாருக்கு யார் மேலதிகாரி என்று வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அந்தக் குழப்பம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பிடிக்காமல் போனது உங்கள் வாசிப்பு. நீதவானுக்குப் போகும் அறிக்கையில் கையெழுத்து வைக்கும் முன், அந்தப் பிள்ளையையும் பெற்றவர்களையும் உங்கள் அறைக்குக் கூப்பிடுவீர்கள். எழுதியவரே அவர்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம். பதினாலு வருடம் வேலை பார்த்தவன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்று வாசிப்பதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அவங்களப் பத்தித்தானே சேர் எழுதியிருக்கு. அவங்களுக்குத் தெரியாம வைக்க அதில என்ன கிடக்கு?" என்றீர்கள்.

செங்கலடிப் பிள்ளையின் வழக்கு வந்தது அந்த நாட்களில்தான். அவள் பெயரை இங்கும் எழுதவில்லை. பைலுக்கு வெளியே பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது என்பது உங்கள் சட்டம். வயது பதினைந்து. சீசன் டிக்கட்டோடு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாமல் ஓடும் பஸ் ஒன்றுக்குக் கல்லால் எறிந்திருந்தாள். கண்ணாடி உடைந்து கொண்டக்டரின் புருவத்தில் நாலு தையல்.

நான் மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் காலை பத்து மணி, மூன்று தடவையும் வீடு பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தாய்க்காரி வீட்டில தங்குறல்ல" என்றாள். தகப்பன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். தாயை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். வழக்குத் தவணை நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு எழுதினேன்: 'பிள்ளைக்கு உரிய பாதுகாவலர் இல்லை. சிறுவர் இல்லமொன்றில் மூன்று வருடங்கள் வைத்துப் பராமரிப்பது பொருத்தமானது.' எழுத்து மணிமணியாக வந்திருந்தது. எனக்குப் பெரிய திருப்தி.

வாசிப்புக்குத் தாயும் மகளும் வந்தார்கள். தாயின் சேலைக்கரையில் காய்ந்த சேறு. கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டே போனேன். பாதுகாவலர் இல்லை என்ற இடத்தில் பிள்ளை நிமிர்ந்தாள்.

"சேர், பாதுகாவலர் எண்டா ஆரு?"

"பிள்ளையப் பாத்துக்கொள்ற ஆள்."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இவ ஆரு?"

தாய்தான் அவசரமாகப் பேசினார். "நீங்க வந்த நேரம் நான் வயல் வட்டைக்க நிண்டிருப்பன் சேர். களை புடுங்குற காலம். விடிய அஞ்சு மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வாறது. வாறீங்க எண்டு தெரிஞ்சா நிண்டிருப்பனே. மன்னிச்சுக்கங்க."

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார், மிஸ். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்காரர் வீட்டில் பிறந்தவன் நான். என் அம்மா களை பிடுங்கப் போன காலத்தில் எங்கள் வீடும் பத்து மணிக்குப் பூட்டித்தான் கிடந்தது. அலுவலக நேரத்தில் வேலை செய்து பழகி அதையும் மறந்துபோனேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "சேர் இன்னொருக்கா வருவார்" என்று தாயிடம் சொன்னீர்கள். "எத்தின மணிக்கு வந்தா உங்களுக்கு வசதி?" ஒரு தாயிடம் நம் அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு உங்களோடு சண்டைக்கு வந்தேன். "சின்னப் பிள்ளைக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டீங்க மிஸ்."

"ஓம் சேர், கஷ்டம்தான்" என்றீர்கள். பிறகு, வேலையில் சேர்ந்த முதல் வருடம் கடற்கரைப் பக்க ஊரொன்றில் நீங்களும் ஒரு பூட்டைப் பார்த்து எழுதியதைச் சொன்னீர்கள். அந்த அறிக்கையை யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. பையன் மூன்று வருடம் இல்லத்தில் இருந்தான். "திரும்பி வந்தவன், தண்ணி குடிக்கிறதுக்கும் தாயிட்ட கேட்டுட்டு நிண்டானாம் சேர். குடிக்கட்டா எண்டு." எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு வாய் அப்படி இலகுவில் வளையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த தடவை மாலை நாலு மணிக்குப் போனேன். தாய் அடுப்படியில் நின்றார். மகள் வாசலில் பாயைப் போட்டுக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள், பிழைக்கும்போது தலையில் தானே குட்டிக்கொண்டாள். மறுநாள் காலை அவளோடு பஸ் தரிப்பிடத்திலும் நின்று பார்த்தேன். இரண்டு பஸ்கள் நிறுத்தாமல் போயின. மூன்றாவது பஸ்ஸும் போனபோது என் கண்ணே கல்லைத் தேடித் தரைக்குப் போனது. அதை உங்களிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினீர்கள். "அதையும் அறிக்கையில எழுதுங்க சேர்" என்றீர்கள். அதை நான் எழுதவில்லை. மற்றதையெல்லாம் எழுதினேன்.

புதிய அறிக்கையை வாசித்தபோது தாய் இடையில் ஒரு தடவை மட்டும் பேசினார், தான் வயலுக்குப் போவது ஐந்து மணிக்கில்லை, நாலே முக்காலுக்கு என்று திருத்தினார். திருத்தினேன். நீதவான் பிள்ளையைத் தாயிடமே விட்டு, ஒரு வருடம் எங்கள் கண்காணிப்பில் வைத்தார். நீங்களும் அவளைச் சும்மா விடவில்லை. கொண்டக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைக்கச் சொன்னீர்கள். அவர் புருவத்தைத் தடவிக்கொண்டு, "எனக்கும் ரெண்டு பொம்பிளப் புள்ளைகள் இரிக்கி. ட்ரைவர்ட்டச் சொல்றன், நிப்பாட்டுவான்" என்றார். சில நாள் நிறுத்தினார்கள், சில நாள் இல்லை. அவள் பிறகு கல்லெடுக்கவில்லை, படித்து முடித்தாள்.

உங்கள் இருமலை நாங்கள் எல்லோரும் தொண்டைக்கட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். போன வருடம் நான் தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு வந்தபோது பாதி ஆளாகியிருந்தீர்கள். அலுவலகக் கதையெல்லாம் கேட்டு முடித்தீர்கள். இத்தனை வருடமாக வாயில் வைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன். "மிஸ், நீங்க வாறத்துக்கு முதல் பதினாலு வருஷம் நான் எழுதினது?"

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று எழும்பப் போனேன்.

"வீடு இருக்கும்தானே சேர்" என்றீர்கள். "போய்ப் பாருங்க."

உங்கள் வாயால் நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான். ஆரையம்பதியில் உங்களைக் கிடத்தியிருந்த வீட்டு முற்றத்தில், எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய்விட்டு அழுதேன். நான் உங்களை அவ்வளவு மதித்தேன் என்று அதுவரை எனக்கே சரியாகத் தெரியாது.

பதிவறையில் பழைய பைல்களைத் தூசி தட்டி எடுத்தேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நான் எழுதியவற்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு முகமில்லை. சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போகிறேன். சில இடங்களில் வீடே இல்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், அது நியாயம்தான். இன்னொரு வீட்டில் அன்றைய பையன் இப்போது தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் தந்தான், பழைய கதை மட்டும் வேண்டாம் என்றான்.

போன சனி பாலம் கடந்து, நான் பிறந்த கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். அறுபது வயது இருக்கும், ஒரு அம்மா வாசலில் நெல்லுத் தூற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். எந்த வருடம், எந்தப் பிள்ளை என்று சொன்னேன். வீட்டில் பாதுகாவலர் இல்லை என்று எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். சுளகை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், கோட்டில சொன்னாங்க" என்றார். "நீங்க வந்த நேரம் நான் வீட்டில இல்லையாம் எண்டு."

சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"இண்டைக்கு இரிக்கன். உள்ளுக்கு வாங்க."