கீபோர்டில் வைத்த கல் பொட்டு

14 செப்டம்பர், ஞாயிறு

மகள் வீட்டுப் பேரன் அருள்ராஜ் பாங்க் பரீட்சை பாஸ். மகன் வீட்டுப் பேரன் கதிரவனுக்கு ஜெர்மனியில் வேலை நிரந்தரம். அவன் தங்கை கனிமொழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் – காலேஜில் தங்க மெடல், இப்போது குர்காவ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள். என் பிள்ளைகளை யார் நிறுத்த முடியும்?

கனி மெடல் வாங்கிய போட்டோதான் குடும்பக் குரூப்பின் முகப்பில் இருக்கிறது. தினமும் அதைப் பற்றி ஒரு வாய்ஸ் போடுகிறேன். கோவில்பட்டி நாத்தனார் கேட்டுப் பொருமட்டும்.

19 செப்டம்பர், வெள்ளி

அதிசயம். "ஆச்சி, கல் வச்ச ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கிட்டு வா" என்றாள் கனி. வெறும் நெற்றியோடு திரிகிற பெண்! இந்த டெல்லிக்காரர்கள் மாதிரி ஜல்தி ஜல்தி என்று கோல் மார்க்கெட்டுக்கு ஓடினேன். மருமகள் ருக்மிணியிடம், "மாப்பிள்ளை பார்க்கலாம் போலிருக்கே" என்றேன். சிரித்தாள்.

24 செப்டம்பர், புதன்

பொட்டு இன்னும் நெற்றிக்கு ஏறவில்லை.

வீட்டிலிருந்தே வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காதில் ஹெட்போன், கண் எங்கேயோ சுவரில். மவுஸைத் தொடவே இல்லை.

"திரையைப் பார்த்துச் செய்யேன்ட்டி."

"விரலுக்குத் தெரியும் ஆச்சி. புரோகிராம்ல ஆயிரக்கணக்கான வரி இருக்கு. நடுவுல ஒரு பேர் வரும். அது எங்க பொறந்துச்சுன்னு மத்தவங்க மவுஸை உருட்டி உருட்டித் தேடுவாங்க. நான் எஃப் பன்னெண்டு அமுக்குவேன், அவ்வளவுதான், அங்க போய் நிப்பேன். ஆல்ட்டும் இடது அம்பும் சேர்த்து அமுக்கினா கிளம்பின இடத்துக்கே வந்துருவேன்."

உடனே குரூப்பில் வாய்ஸ் போட்டேன்: "எங்க கனி கம்ப்யூட்டரைப் பார்க்காமலே வேலை செய்வா!"

1 அக்டோபர், புதன்

சரஸ்வதி பூஜை. கனி லீவு போட்டுவிட்டு, தோழி வீட்டுக்கு என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். புத்தகத்தோடு அவள் கீபோர்டையும் பூஜையில் வைக்க எடுத்தேன். பார்த்தால், நான் வாங்கிக் கொடுத்த பொட்டெல்லாம் அதில்! எஃப் எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, ஆல்ட்டில், அம்புக்குறியில். நெற்றிக்கு வாங்கியதை வைத்து விளையாட்டா? எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்தேன். ஓரத்தில் சந்தனம், குங்குமம். பளிச்சென்று இருந்தது.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. காந்தி ஜெயந்தி லீவுதான், ஆனாலும் அவளுக்கு வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். நல்ல நேரம் பார்த்து உட்கார வைத்தேன்.

விரல்கள் மேல் வரிசையில் தடவிப் போயின. நின்றன. மறுபடி முதலிலிருந்து. "ஒன் செகண்ட்… ஒன் செகண்ட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"யாரு எடுத்தா? பொட்டை யாரு எடுத்தா?"

"அழுக்காக் கெடக்குன்னு நான்தான்ட்டி…"

"கீ தெரியல ஆச்சி. எனக்குக் கண்ணு தெரியல. உன் மூஞ்சியே பாதிதான் தெரியுது."

ஐயோ. நான் என்னத்தைச் சுரண்டிப் போட்டேன்.

3 அக்டோபர்

சோறு இறங்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

போன வருஷத்திலிருந்தே இருக்கிறதாம். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறதாம். பூஜை அன்று போனதும் தோழி வீட்டுக்கு இல்லை, கண் ஆஸ்பத்திரிக்கு. வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரையில் மவுஸின் அம்பு எங்கே இருக்கிறதென்று தேட முடியாமல்தான் மவுஸையே விட்டிருக்கிறாள். வரிகளை மெஷின் காதில் வாசிக்கிறது. அதைத்தான் நான் சாமர்த்தியம் என்று ஊருக்கெல்லாம் –

என் மகன் ரத்தினவேல் தலை நிமிரவில்லை. "ஏம்மா எங்ககிட்டச் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

"எப்படிப்பா சொல்றது? ஆச்சி தினம் என் போட்டோ பத்தி வாய்ஸ் போடுறாங்க."

என் வாய்தான் அவள் வாயை அடைத்தது. இனி குரூப்பில் பேசமாட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

ஆபீசில் மேனேஜர் வைதேஹியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வேலை செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். முடியாவிட்டால்? அந்த வேலையும் போனால் இந்தப் பிள்ளை என்ன ஆவாள்?

புது அட்டை வாங்கி வந்து நானே பொட்டு வைத்தேன். எஃப்பும் எண்ணும் எனக்குத் தெரியும். "கொஞ்சம் மேல ஆச்சி" என்று தடவிப் பார்த்துச் சொன்னாள். எஃப் எட்டு அடுத்த தப்பு இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகுமாம்.

"அந்த ஆல்ட்டும் அம்பும் அமுக்கினா பழசெல்லாம் திரும்பி வருமாட்டி?"

"எடத்துக்குத்தான் ஆச்சி திரும்பி வரலாம். அழிஞ்சது வராது."

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

கதவோரம் நின்று கேட்டேன். திரையை அணைத்தே வைத்திருந்தாள். டக். டக் டக். எங்கே தப்பு என்று வரி எண்ணோடு சொன்னாள். ஸ்பீக்கரில் வைதேஹி சிரிக்கிற சத்தம்: "இரு கனி, நான் இன்னும் ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கேன்!" பிறகு, வேலையில் இரு, உனக்கு என்ன வேண்டுமோ கேள் என்றாள்.

கனி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் உள்ளே போகவில்லை. இன்று அது அவள் அழுகை.

20 அக்டோபர், தீபாவளி

வாசலில் வரிசையாக அகல் ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். கனி வெளியே வந்தாள். பாவாடை நுனி சுடருக்கு நேராக.

"இன்னும் விளக்கு ஏத்தலையா ஆச்சி?"

ஓடிப்போய்த் துணியை இழுத்துப் பிடித்தேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "ஓ… எரியுதா" என்றாள். ரொம்ப மெதுவாக.

அகலை எல்லாம் நானே ஊதி அணைத்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

வெள்ளைக் கம்பு வந்துவிட்டது. மார்க்கெட் வரை தட்டித் தட்டிப் போய்ப் பால் வாங்கி வந்தாள். ரத்தினவேல் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனான். "அப்பா, உங்க செருப்புச் சத்தம் கேக்குது" என்று திரும்பாமலே சொன்னாளாம்.

நாத்தனார் போன் செய்தாள். "என்ன மதினி, குரூப்புல சத்தத்தையே காணோம்? கனி சொகமா இருக்காளா?" போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். கனி பக்கத்தில்தான் இருந்தாள். "சொல்லு ஆச்சி" என்றாள். சொன்னேன். அந்தப் பக்கம் நாத்தனார் அழுதாள். இத்தனை வருஷம் அவளையா பொரும வைத்தேன்.

முகப்பில் இன்னும் அந்த மெடல் போட்டோதான். அதில் கனி நேராக என்னைப் பார்க்கிறாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

குரூப்பைக் கவனிப்பது கதிரவன். அவனிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன், பேசும்போது அழாமல் இருக்க –

கதிரவா, உங்கப்பன் இன்னைக்கு வாசல்ல வச்சு கனியைப் புதுசா ஒரு போட்டோ எடுத்திருக்கான். அனுப்பச் சொல்லுதேன். பழசை எடுத்துட்டு இதை முகப்புல போடு. கம்பு கீழே வரைக்கும் தெரியணும், வெட்டிராதே.