அரைப்பிறை நாளில் புறப்படு

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ, இத்தாலி
03.10.1996, வியாழன்

அன்புள்ள மகள் கிளறாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் அம்மாவும் மருமகன் றோபேட்டும் சின்னவன் ஜோசுவாவும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் செபம். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேசாலை முகாமில் கொட்டில் ஒழுகுகிறது, சின்னவனுக்குச் சிரங்கு மாறவில்லை என்று எழுதியிருந்தாய், வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வை, சவுக்காரம் போடாதே. எனக்கு அதே நாலாம் மாடி வீட்டு வேலை, பார்த்துக்கொள்ள அதே படுக்கையில் கிடக்கும் கிழவர். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, கபோ சந்தைக்குப் போகும்போது கள்ளர் பயத்தில் வெளியே இருந்து கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார், உள்ளே நானும் கிழவரும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எனக்கு வெளி. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்குப் போட்ட விண்ணப்பம் ஏழு மாதமாகக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், கிடக்கிறது, கையில் ஒரு துண்டுக் கடதாசி மட்டும் தந்திருக்கிறார்கள், அதோடு நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், பிறகு உங்களை யார் பார்ப்பது. இல்லாவிட்டால் உன் கடிதம் வாசித்த அன்றே புறப்பட்டிருப்பேன். கைகால் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறேன் மகள்.

இந்தியாவுக்குப் போகப் படகு பேசிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நவம்பர் பதினோராம் திகதி, அமாவாசை. இருட்டில் நேவிக்காரன் காணமாட்டான், மணல்திட்டில் இறக்கிவிட்டால் விடியமுதல் இந்தியப் படகு வந்து ஏற்றும் என்று படகோட்டி சொன்னானாம். கடல் பொங்கினால் என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, நிலவுதானே தண்ணியை இழுக்கிறது, நிலவே இல்லாத அண்டைக்குக் கடல் எப்படிப் பொங்கும் மாமி என்றாராம் மருமகன். வயல்காரர் வீட்டுப் பிள்ளை, அவரில் குற்றமில்லை. ஆனால் அது பிழை, பெரிய பிழை. முப்பது வருசம் கடலில் கிடந்த எனக்கு கடல் ஏறும் வெள்ளம் அமாவாசைக்கும் முழுநிலவுப் பறுவத்துக்கும் பெரிது என்று தெரியும், ஏன் என்று மட்டும் தெரியாது. இந்த ஊர்க் கடல் ஒன்றரைச் சாணுக்கு மேல் ஏறுவதில்லை, வந்த புதிதில் இதென்ன சீக்குப் பிடித்த கடல் என்று நினைத்தேன். கிழவர் முந்தித் துறைமுகத்தில் வேலை செய்தவர், அவரிடம் கேட்டேன். படுத்தபடியே சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் பழம் ஒன்றை உலகம் என்றும் எலுமிச்சங்காயை நிலவு என்றும் பிடித்துச் சுற்றிக் காட்டினார், சிஞ்ஞோரா வந்து நல்ல பழத்தைப் பழுதாக்குகிறீர்கள் என்று இரண்டு பேருக்கும் ஏசினார்.

விசயம் இதுதான், மருமகனுக்கும் சொல். நிலவு தன் பக்கத்துக் கடலை இழுக்கிறது, அப்போது உலகத்தின் மறுபக்கத்திலும் தண்ணீர் உயருகிறது, உலகம் சுழலுவதால் ஒரு கரைக்கு நாளுக்கு இரண்டு முறை வெள்ளம் வரும், இரண்டு முறை வற்றும். சூரியனும் கொஞ்சம் இழுக்கிறது. அமாவாசை அன்று நிலவு எங்கேயும் போய்விடவில்லை, சூரியன் இருக்கும் பக்கத்தில் நிற்பதால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து இழுக்கும்போது வெள்ளம் கூடும். அரைப்பிறை அன்று ஒன்று ஒரு பக்கமும் மற்றது குறுக்கேயும் இழுக்க, வெள்ளம் குறையும். இந்த ஊர்க் கடலுக்கு வாய் ஒடுக்கம், வெளிக்கடல் வெள்ளம் உள்ளே வர வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது, யன்னலால் பார்க்கும்போது எனக்கு என் நினைப்புத்தான் வரும். திட்டுப் பக்கம் அப்படியில்லை. ஓட்டிக்கு வெள்ளம் நல்லது, படகு தரை தட்டாது, இறக்கிவிட்டு அவன் போய்விடுவான். நிற்பது நீங்கள்.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று நீ கேட்பாய். அம்மாவுக்கும் நான் சொல்லாதது, அவளுக்கும் வாசித்துக் காட்டு. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி அமாவாசை அன்று நான் பதினொரு பேரை ஏற்றிப்போய் ஒரு திட்டில் இறக்கினேன். விடத்தல்தீவில் நம் கரையில் வெள்ளம் ஏறும் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன், விடியும் வரை திட்டு காய்ந்துதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கடல், அங்கே வெள்ளத்துக்கு வேறு நேரம், அது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வருசத்துக்கு முன் இங்கே பிரான்காச்சோப் பகுதியில் பேரின்பநாயகம் என்பவரோடு பழக்கமானேன், வியாழனில் அவர் அறையில்தான் சமைத்துச் சாப்பிடுவேன். ஒருநாள் தன் மனைவி ஞானாம்பிகை செத்த கதையைச் சொன்னார். திட்டின் மேல் வெள்ளம் ஏற, இடுப்பளவு தண்ணீரில் எல்லாரும் கைகோத்து நின்றார்களாம், இழுவையில் அவள் கை மட்டும் கழன்றுவிட்டதாம். பிறகு என்னைப் பார்த்து, அருளையா, அந்த ஓட்டி நல்ல மனுசன், தன்ர தண்ணிப் போத்தலையே என்ர மனுசிக்குக் குடுத்திட்டுப் போனவன், அவனுக்கென்ன தெரியும் என்றார். போத்தல் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. இருட்டில் தலையில் துண்டு கட்டியிருந்த என்னை அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருசமாக அவர் சோற்றைத் தின்றுகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் பதினோராம் திகதி வேண்டாம். பதினெட்டாம் திகதி அரைப்பிறை, நடுச்சாமத்தோடு நிலவு விழுந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் கேட்ட இருட்டும் உண்டு, வெள்ளமும் குறைவு. வாடைக்காற்று பலமாக அடித்தால் அன்றும் வேண்டாம். செடி முளைத்த திட்டில்தான் இறங்கவேண்டும், வெறும் மணலென்றால் வெள்ளம் அதன் மேலால் போகிறது என்று அர்த்தம். ஓட்டி சம்மதிக்காவிட்டால் அவனோடு போகாதே. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், சின்னவனை முதுகோடு சேர்த்துக் கட்டு, அம்மாவின் முழங்காலுக்கு நீண்ட நேரம் நிற்க ஏலாது.

நாள் விவரத்தை மட்டும் வேறு தாளில் எழுதித் தபாலிலும் போட்டிருக்கிறேன், அது வந்து சேருமோ தெரியாது. இந்தக் கடிதம் கையில் வருகிறது. பேரின்பநாயகத்துக்குப் பெர்மெசோ கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை கொழும்புக்குப் பறக்கிறார், அவருடைய தங்கை உங்கள் முகாமில்தான் இருக்கிறாவாம். கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தை ஒட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும், சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்கள். ஒட்டாத கடிதமென்றாலும் அவர் பிறர் கடிதம் வாசிக்கிற ஆளில்லை. ஆனால் தெரியாமல் அவர் இதைச் சுமந்து வரக்கூடாது மகள். ஞாயிறு பூசை முடிய அவர் கையில் கொடுத்து, வாசியுங்கோ, பிறகு கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ என்று சொல்லப்போகிறேன்.

தேவமாதா உங்கள் நாலு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், புறப்படுமுன் செபமாலை சொல்ல மறக்காதே. இது உன் கையில் இருக்கிறதென்றால் எல்லாம் அறிந்துதான் அவர் கொண்டுவந்திருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட்டு, முதலில் குடிக்கத் தண்ணீர் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
அருளையா