உங்கள் இடது மார்பில் என் அப்பாவின் பதக்கங்கள்

சித்தப்பா,

உங்கள் காக்கிக் கோட்டைச் சின்னாத்தா நேற்று ஒரு துணி மூட்டையில் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் பிரித்து, கோயில் வாசலில் படுத்துக் கிடக்கும் கிழவருக்குச் சட்டையாகத் தைத்துக் கொடுக்கச் சொன்னாளாம். மூட்டையை அவிழ்த்ததும் பித்தளை துலக்கும் பொடியின் வாடை அடித்தது. நீங்களே அறைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. கோட்டை மேசைமேல் விரித்தேன். இடது மார்பில், பைக்கு மேலே, ஊக்குக் குத்திக் குத்தி நூல் பிரிந்து, விரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். வலது மார்பில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை வருஷம் போட்ட கோட்டில் அந்த இடம் மட்டும் புதுத்துணியாகவே இருந்தது.

செத்துப்போனவர்களுக்கு எழுதும்போது அவர்கள் செய்த நல்லதை எழுத வேண்டும் என்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று ஊர் கேட்டபோது, திருச்சியில் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் நீங்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரிந்தது உங்களால்தான். அதனால் என்ன வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அப்பா பட்டாளத்துக்குப் போனபோது நான் ஆத்தாவின் வயிற்றில் இருந்தேன். அவர் பஸ்ராவில் செத்தார். காய்ச்சலா குண்டா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் போன அதே வருஷம்தான் நீங்களும் ஊரைவிட்டுப் போனீர்கள், கண்டிச் சீமைக்கு, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவரிடம் வேலைக்கு. சண்டை முடிந்து நீங்கள் திரும்பியபோது தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தீர்கள். காக்கிக் கோட்டுப் போட்டிருந்தீர்கள். ஊரார் தாங்களாகவே ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்து அப்பாவின் பதக்கங்கள் தபாலில் வந்தன. ஆத்தா பெருவிரல் ரேகை வைத்தாள். பொட்டலத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நம் ஊரிலும் ஆவூர் வரைக்கும் உங்கள் பெயர் பட்டாளத்தார்.

நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். அண்ணன் தம்பி இருவரும் போனார்கள், ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை என்று.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் ஊர் திரும்பிய வருஷம், ஈஸ்டர் தேருக்கு முந்தின நாள் காலையில், பதக்கங்களை என் கையில் கொடுத்தீர்கள்.

“ரிப்பன் நைஞ்சுபோச்சு. திருச்சியில புதுசு வாங்கியாந்திருக்கேன். ஒங்கையால தச்சுக் குடு, செசிலி.”

ஒன்று வெள்ளி, மற்றொன்று செம்பும் பித்தளையும் கலந்த நிறம். செம்பு நிறத்ததற்கு வானவில் போன்ற ரிப்பன். பழைய ரிப்பனை அறுத்து எடுக்கும்போது வெள்ளிப் பதக்கம் என் விரலில் உருண்டது. அதன் விளிம்பில் பொடிப்பொடியாய் எழுத்துகள் இருந்தன. ஒரு நம்பர், பிறகு ஒரு பெயர், பிறகு படைப்பிரிவு. வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். சவரிமுத்து. என் அப்பாவின் பெயரை ஏதோ ஒரு பொருளில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீங்கள் கண்ணாடிமுன் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தீர்கள்.

“இது அப்பாவோடதுல்ல, சித்தப்பா?”

கத்தியை நிறுத்தவில்லை. “அண்ணன் சாமான் தம்பிக்கு வராம யாருக்கு வரும்? தைக்கச் சொன்னா தையி.”

“அப்ப ஒங்களோடது எங்க?”

அப்போதுதான் திரும்பினீர்கள். சோப்பு நுரைக்குள் இருந்த அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

சமையற்கட்டில் இருந்த ஆத்தாவிடம் போய்க் கேட்டேன். அவள் குழம்புச் சட்டியிலிருந்து நிமிரவில்லை. “எனக்குத் தெரியும். அவுக போனது கண்டிக்கு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவுக வீட்லதான் நாம இருக்கோம்.”

நான் தைத்தேன். மறுநாள் தேரின்போது நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். தாசில்தாருக்குப் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டார்கள். இரண்டு பதக்கங்களுக்கு நடுவில் மாதா சபையின் நீல பேட்ஜையும் சேர்த்துக் குத்தியிருந்தீர்கள். என் ஆத்தா கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேரைப் பார்க்கவில்லை. உங்கள் கோட்டைத்தான் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பதக்கத்தை ஒரு தடவைகூட அவள் கையில் நீங்கள் கொடுத்ததில்லை.

பிறகு இரண்டாவது சண்டை வந்தது. திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்து மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் கூட்டம் நடத்தப் போவதாகவும், பழைய சிப்பாய்கள் பதக்கங்களோடு வந்து இளவட்டங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றும் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதைத் தமிழில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டச் சொல்லித் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். பதக்கங்களைச் சாதாரண உடுப்பில் எப்படிப் போட வேண்டும் என்று அதில் விவரமாகவே இருந்தது. கோட்டின் இடது மார்பில், ஒரே வரிசையில் குத்த வேண்டும். துண்டின்மேல் குத்தக் கூடாது. பக்கத்தில் வேறு எந்த பேட்ஜும் இருக்கக் கூடாது. கடைசியாக ஒரு வரி: இறந்துபோன தகப்பன், மகன், சகோதரன் ஆகியோரின் பதக்கங்களை உறவினர் அணிவதானால் வலது மார்பில் மட்டுமே அணியலாம்.

அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது, சித்தப்பா. நீங்கள் அண்ணனின் பதக்கத்தை மரியாதையாகவே போட்டிருக்கலாம். ஒரு சாண் தள்ளிக் குத்தியிருந்தால் போதும். யாரும் உங்களை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முழுவதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு வெற்றிலையை மடித்தபடி சொன்னீர்கள்: “அந்தக் கடைசி வரிய விட்டுட்டு எழுது. ஊர்ல யாருக்கு அது வேணும்?”

“நோட்டீஸ்ல இருக்கே.”

“நான் சொல்றேன்ல.”

நான் விடாமல் எழுதினேன். மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். ஒட்டிய மறுநாள் காலையில் பார்த்தபோது தாள் அடியில் கிழிந்திருந்தது. அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

கூட்டத்துக்கு நீங்கள் இடது மார்பிலேயே குத்திக்கொண்டு வந்தீர்கள். நீல பேட்ஜை மட்டும் எடுத்துவிட்டிருந்தீர்கள். நோட்டீஸில் உங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டீர்கள். மேடையில் பட்டாளத்து அதிகாரியான ஒரு தமிழ் ஜமேதார் உங்களைப் பார்த்து, “எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். “பஸ்ரா” என்றீர்கள். அவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நீங்களும் அடித்தீர்கள், வீட்டில் கண்ணாடிமுன் பழகியது போல. பிள்ளைகளைப் பாட்டுப் பாட அழைத்துவந்த வாத்தியாரம்மாவாக நான் பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்றுவரை காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் பாதிதான் சரி.

அந்த சல்யூட்டைக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் உங்கள் மகன் அருளப்பன். அரை மணி நேரத்துக்குள் அவன் பெயர் கொடுத்துவிட்டான்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது, அவை என் அப்பாவின் பதக்கங்கள் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். “அப்பாவ ஒனக்குப் பிடிக்காதுன்னு தெரியும் அக்கா. அதுக்காக இப்படியா?”

“ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமில்ல. வீட்டுக்குப் போயி விளிம்ப வாசி.”

அவன் வாசித்தான். நடுக்கூடத்தில், நானும் சின்னாத்தாவும் பார்த்திருக்க, பதக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தான். “அப்பா, இதுல பெரியப்பா பேருல்ல இருக்கு?” என்றான்.

அந்த நேரத்தைப் பற்றித்தான் நான் உங்களுக்கு எழுத வேண்டும். மற்றதெல்லாம் வீம்பு, பகட்டு, ஊரில் ஒரு நாற்காலி. அதையெல்லாம் மன்னிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் மன்னித்திருக்க முடியும். அந்த நேரத்தில் உங்கள் முன்னால் நின்றது உங்கள் ஒரே மகன். நான் போகவில்லையடா, எனக்குச் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, நீயும் போகாதே என்று சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. மறுநாள் போய்ப் பெயரை எடுத்திருக்கலாம். இன்னும் உடம்பைக்கூடச் சோதிக்கவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள். “அண்ணனும் நானும் ஒரே பட்டாளம்டா. வெள்ளக்காரன் பேர மாத்தி அடிச்சுட்டான். எத்தன ஆயிரம் பேரு, அவனுக்கு எப்படித் தெரியும்?”

அருளப்பன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நம்ப ஆசைப்படுகிறவனுக்கு நீங்கள் நம்ப ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள். சின்னாத்தா எழுந்து உள்ளே போனாள். அடுத்த வாரம் அவன் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து பர்மா எல்லையிலிருந்து தந்தி வந்தது. அதை வாசித்துச் சொன்னவளும் நான்தான். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் இரக்கம் வரவில்லை. வராதது பாவம் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் ஜெபம் செய்யச் சொன்னார். செய்தேன். வரவில்லை.

அவனுடைய பதக்கங்களைக் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டபிறகு நீங்கள் போகாமல் நின்றீர்கள்.

“அவனோடது வந்தா எந்தப் பக்கம் குத்தணும்?”

“வலது பக்கம்.”

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, “அண்ணனோடதும்?” என்றீர்கள்.

“அதுவும் வலதுதான்.”

தலையை ஆட்டினீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் சீக்கிரமே போய் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காகத்தான். நீங்கள் மாற்றிக் குத்தி வந்திருந்தால் எழுந்து வந்து உங்கள் காலைத் தொட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வந்தீர்கள். இடது பக்கம்தான்.

போன மாசம் உங்களைப் பெட்டியில் வைத்தபோது, அதே கோட்டைப் போட்டு, அப்பாவின் பதக்கங்களையும் குத்தியிருந்தார்கள்; அருளப்பனுடையவை கடைசிவரை வரவில்லை. ஆணி அடிக்கப் போகும் நேரத்தில் நான் முன்னால் போய் ஊக்கைக் கழற்றினேன். கோயிலில் நம் ஊர் முழுக்க இருந்தது. “இது எங்கப்பாவோடது” என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரோ ஒரு பொம்பளை, “பொணத்துக்கிட்டயா ஒங் கோவத்தக் காட்டுற?” என்றாள். சின்னாத்தா தலைமாட்டில் இருந்து எழுந்தாள்.

“அவ எடுத்துக்கிடட்டும். அது அவ அப்பாவோடதுதான். இவுக எந்தச் சண்டைக்கும் போகல. கண்டிக்குத்தான் போனாக” என்றாள். பிறகு, “அந்தக் கோட்டையும் கழத்துங்க” என்றாள். வெள்ளைச் சட்டையோடுதான் நீங்கள் போனீர்கள்.

இனி ஒன்று மட்டும் பாக்கி. அருளப்பன் எனக்கு ஒரே ஒரு கார்டு எழுதினான். சாவதற்கு மூன்று மாசம் முன்னால், பள்ளிக்கூட விலாசத்துக்கு. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. இப்படி எழுதியிருந்தான்:

“அக்கா, எங்கள் கம்பெனியில் பழைய ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். விளிம்பில் பெயர் மாறிப்போகுமா என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் நம்பர் வேறு, பெயரோடு அதையும் அடிப்பார்கள், மாறாது என்றார். நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிந்துபோனதை அப்பாவிடம் சொல்லாதே. அவருக்குத் தாங்காது.”

உங்களைக் குத்திக் கிழிக்க இதைவிட நல்ல கத்தி எனக்குக் கிடைத்திருக்காது. தந்தி வந்த அன்று அது என் ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருந்தது. நீங்கள் மனுவோடு வந்து நின்ற அன்றும் இருந்தது. இடது பக்கம் குத்திக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைக் கையில் எடுத்து மறுபடியும் உள்ளே வைத்தேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அவன் கேட்டுக்கொண்டதால். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷம் உங்கள் முகத்துக்கு எதிரே பேசாமல் இருந்தேன்.

இப்போது உங்களுக்குத் தாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. அதனால் சொல்கிறேன். அவனுக்குத் தெரியும், சித்தப்பா. தெரிந்துகொண்டுதான் செத்தான்.

செசிலி