சோம்பு வாசனை அடித்த ரப்பர் புழு

எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டாத என் அண்ணாவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. அழுது முடித்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஆனால் இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். போன வாரம் அண்ணி ஒரு விஷயம் சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஊர்ச் செய்தி.

இந்த வருஷம் மழை கைவிடவில்லை. நம் பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் நிற்கிறது. உன் பேரன் போனில் ஏதோ தட்டினான், நாலாம் நாள் வாசலுக்கே ஒரு பெட்டி வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் ரப்பர் புழுக்கள்! பச்சை, சிவப்பு, மினுமினுக்கிற கறுப்பு, வால் சுருண்டது, வால் விரிந்தது என்று ஒரு கடையே இருந்தது. உன் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதெல்லாம் ஒரு புழுவா? எங்க மச்சான் வெச்சிருந்தது சோம்பு வாசம் அடிக்கும்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

உனக்கு அந்தப் புழு வந்து சேர்ந்த கதை நினைவிருக்கிறதா? மேட்டூரில் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள், நீ அங்கே ஃபிட்டர். தன் நாட்டுக்குக் கிளம்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், அவருடைய ஜீப்பைச் சரிசெய்து கொடுத்ததற்காக உன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனார். ஊதா நிறம், ஒரு சாண் நீளம், நேரான வால், தொட்டால் கொழகொழ. தங்கள் நாட்டு ஏரிகளில் அதைக் கொண்டுதான் மீன் பிடிப்பார்கள் என்று அவர் கையைக் காலை ஆட்டிச் சொன்னாராம். எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் நீ கேட்டுக்கொள்ளவில்லை.

அதை அண்ணியின் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் போட்டு வைத்தாய். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் டப்பாவின் அடிப்பக்கம் இளகிப் புழுவோடு ஒட்டிக் கிடந்தது. "மீனு தின்னுதோ இல்லையோ, உங்க புழு என்ர டப்பாவத் தின்னுபோட்டுதுங்க!" என்று அண்ணி போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. மிச்சப் புழுக்கள் ஊறுகாய்ப் பாட்டிலுக்குக் குடிபோயின.

ஆனால் மீன்? ஒன்றுகூட இல்லை. வீட்டில் கால் தரையில் நிற்காத நீ, ஏரிக்கரையில் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்காருவாய். நம் ஊர்த் தூண்டில் அப்படித்தானே? தக்கையை மிதக்கவிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மண்புழு தானாக நெளியும், மீன் தானாக வரும். ரப்பர் புழு எங்கே நெளிந்தது? அது செத்த சரடாய்த் தொங்கியது. நீ அதற்குக் கடலைப் புண்ணாக்கு தடவினாய். நான் ராசிபுரத்திலிருந்து கொடுத்தனுப்பிய நெய்யைக்கூடத் தடவினாய் என்று கேள்விப்பட்டு எனக்கு வயிறு எரிந்தது. "செங்கோடன் ஏரிக்கு விருந்து வெக்கறான்டோய்" என்று ஊரே சிரித்தது.

அந்தச் சமயத்தில்தான் உனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. நீ வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். ஷிப்டு மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று ராசிபுரம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாய். அவருக்கு வந்ததே கோபம்! "டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்கறாப்பல விருந்தும் கிழிச்சுக் குடுக்கறாரா உங்கண்ணன்? நேர்ல கூப்பிடாத ஊட்டுக்கு நான் வரமாட்டேன்." நீ மட்டும் லேசுப்பட்டவனா? "மாப்பிள்ளைன்னா தலைமேல வெச்சுத் தாங்கோணுமா?" என்றாய். எட்டு மாதம் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

நடுவில் நான் உண்டாகிவிட்டேன். அம்மா இல்லாத எனக்கு நீயும் அண்ணியும்தான் பிறந்த வீடு. நீ கட்டுச்சோறு கொண்டுவந்து அழைத்தால்தான் தலைப் பிரசவத்துக்கு அங்கே வர முடியும். அழைக்க நீ வரமாட்டாய், அனுப்ப அவர் மாட்டார். ராத்திரி பகல் எனக்கு அதே கவலை. எத்தனை பேர் எத்தனை அன்பாக இருந்தாலும், முதல் பிள்ளையை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஆறாம் மாதம் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன், பனமரத்துப்பட்டி ஏரி விரால் குழம்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று. வேறு எந்த விராலும் வேண்டாம், அந்த ஏரி விரால்தான். மாமியார் மகனைக் கூப்பிட்டார். "மாசமா இருக்கறவ கேட்டதக் குடுக்கலீன்னா பொறக்கற கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும் சாமி. போய்ப் புடிச்சிட்டு வா." அதே வாரம் உனக்கும் ஒரு தபால் கார்டு போட்டேன். அதே விரால், அதே சீழ், அதே ஞாயிற்றுக்கிழமை. உன் பெயரைச் சொன்னதும் அவர் முறைத்தார். "ஏரி என்ன உங்கண்ணன் ஊடா? நான் வாரேன்" என்று மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கரையில் வேலமரத்தடியில் நான் நடுவில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் எட்டடியில் அவர், அந்தப் பக்கம் எட்டடியில் நீ. அவர் மண்புழு, நீ ஊதாப் புழு. இரண்டு மணி நேரம் ஒரு மீனும் இல்லை. அவருக்கு உன் தக்கையைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏன் புள்ள, உங்கண்ணன்கிட்டச் சொல்லு. அது உசுரில்லாத புழு. அவருதான் அதுக்கு உசுரு குடுக்கோணும். சும்மா தொங்க உட்டா மீனு என்ன கும்பிடு போடவா வரும்?"

உனக்கு நன்றாகக் கேட்டது. இருந்தும் நான் சொல்லும்வரை காத்திருந்தாய்.

"அம்முணி, அவருகிட்டச் சொல்லு. புழு என்னுது. அவரு மொதல்ல அவரு புழுவப் பாக்கட்டும்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்னு சொல்லு."

"பாத்தா மட்டும் போதாதுன்னு சொல்லு."

எனக்கு வாய் வலித்தது அண்ணா. தபால்காரன்கூட அத்தனை கடிதம் கொண்டுபோயிருக்க மாட்டான்.

அப்புறம் நீ என்ன நினைத்தாயோ, தக்கையைக் கழற்றி எறிந்தாய். புழுவை அல்லிக் கொடியின் ஓரமாகப் போட்டு, அடிமண்ணில் உரசுகிற மாதிரி கொஞ்சம் இழுத்தாய், நிறுத்தினாய், மறுபடி இழுத்தாய். "இப்படியா? இதுக்குப் பேரு உசுரான்னு கேளு அவர!" என்று நீ சொல்லி வாய் மூடவில்லை, தூண்டில் நரம்பு விண்ணென்று நின்றது. பழக்கதோஷம், மீன் விழுங்கட்டும் என்று நீ காத்திருந்தாய். ரப்பரை எந்த மீன் விழுங்கும்? துப்பிவிட்டுப் போய்விட்டது.

மூன்று பேருமே பெருமூச்சு விட்டோம். மறுபடி போட்டாய். மறுபடி இழுத்தாய். நரம்பு மறுபடி விண்ணென்றது. நீ மறுபடியும் காத்திருந்தாய்!

"மச்சான்! இப்ப இழுங்க! துப்பீரும், இழுங்க மச்சான்!"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் மச்சான் அதுதான். நீ இழுத்தாய். முழங்கை நீள விரால் கரையில் வந்து விழுந்து, துள்ளித் துள்ளித் தண்ணீரை நோக்கியே போனது. நீ சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாய். அவர் வேட்டியோடு அதன்மேல் விழுந்தார். "மாப்ள, தலையப் புடிங்க! தலையப் புடிங்க மாப்ள!" என்று நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாய். இருவருக்கும் கண்ணைத் தவிர எல்லாம் சேறு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் குழந்தை உள்ளே உதைத்தான்.

அந்தச் சேற்றோடு அவர் நம் வீட்டுக்குள் வந்தார். யாரும் அழைக்கவில்லை, கையில் மீன் இருந்ததால் அவருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணி துண்டை எடுத்துக் கொடுத்தாள். குழம்பு கொதிக்கும்போதே கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தாயிற்று. என் மகனும் அந்த வீட்டில்தான் பிறந்தான். காதில் சீழெல்லாம் வடியவில்லை, சொன்ன பேச்சு மட்டும் இன்றுவரை காதில் ஏறுவதில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்கு விரால்மேல் ஆசையே இல்லை. அந்த மாதங்களில் மீன் வாசனை என்றாலே குடலைப் புரட்டும். உங்கள் இருவரையும் ஒரே கரையில் உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று நீங்கள் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்க, மூன்று துண்டு தின்றேன். பின்னால் கிணற்றுமேட்டுக்குப் போய் அத்தனையையும் கக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் கக்கியிருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் நான் எப்போது வந்தாலும் விரால்தான் வாங்கினாய். "அம்முணிக்குப் புடிச்ச மீனு" என்று தலையையும் நடுத்துண்டையும் என் இலையில் வைப்பாய். அன்று கக்கியதிலிருந்தே எனக்கு விரால் பிடிக்காது. சொன்ன பொய்க்குத் தண்டனை என்று நானும் நாற்பது வருஷம் முழுங்கினேன்.

போன வாரம் தாங்காமல் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவருக்கு அப்பவே தெரியும் அம்முணி. நீ ராசிபுரம் சந்தையில கருவாட்டுக் கடையப் பாத்து வாயப் பொத்திக்கிட்டு ஓடுனத நானே பாத்து வந்து சொல்லியிருந்தேன். உன்ற கார்டு வந்தன்னிக்குப் படிச்சுப்போட்டுச் சிரிச்சாரு. 'பொய்ப்புழுன்னு தெரியுது. இருந்தாலும் கவ்வித்தான் ஆகோணும், போட்டது நம்ம அம்முணியாச்சே'ன்னாரு."

"அப்புறம் ஏன் அண்ணி எனக்கு வருஷக்கணக்கா விராலப் போட்டாரு?"

"மூஞ்சிய எட்டுக் கோணல் பண்ணிக்கிட்டே 'நல்லாருக்குண்ணா'ன்னு சொல்லுவியே, அதப் பாக்கத்தான்!"

திருட்டு அண்ணா! அப்படியானால் அந்த இரண்டாவது மீனை ஏன் உடனே இழுக்கவில்லை? உண்மையிலேயே மறந்துபோனாயா? இல்லை, அவர் வாயைத் திறக்கட்டும் என்று மீனையே பணயம் வைத்தாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

"இனிமே நீ வந்தா ரசம் வெக்கறேன் சாமி" என்றாள் அண்ணி. வேண்டாம், விராலே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். என் கால் நடக்கிறவரைக்கும் வருஷம் தவறாமல் வருவேன் அண்ணா. நடுத்துண்டையே கேட்டு வாங்கித் தின்பேன், நல்லாருக்கு என்றும் சொல்வேன். நீ என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

உன்னிடம் வசமாக மாட்டிக்கொண்ட தங்கை,
அம்முணி