போன் யார் பேரில்

அன்பு மகன் பாசித்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் இருக்கிறோம், நீயும் ரியாத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். ஏரி நிரம்பியிருக்கிறது, காவாந்தண்டலம் பக்கம் நல்ல விளைச்சல் என்கிறார்கள், அறுப்பு வந்தால் சாக்கு கேட்டு ஆள் வரும், அத்தா இல்லாமல் நம் சாக்குக் கடையை யார் திறப்பது என்று தெரியவில்லை. நான் ஒன்றும் யோசிப்பதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன், தொழுகிறேன், படுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு இன்டர்நெட் இன்னும் வரவில்லை என்று நீ மஹபூப் மாமாவைப் போனில் திட்டினாயாம். மாமா சொல்லவில்லை, மாமிதான் சொன்னாள். அவர் மேல் தப்பே இல்லை பாசித். அத்தா முகத்தைக் கடைசியாகப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை, என்னையாவது பார்க்கவேண்டும் என்று துடிக்கிறாய், தெரிகிறது. நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வாசலைத் தாண்டி பஜாரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போக முடியாது என்றுதான் மாமா அலைந்து கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி வைத்தார், நம் போன் லைனிலேயே நெட் கொடுக்க எழுதியும் போட்டார். லைன்மேன் பாண்டுரங்கன் வந்தபோது மாமா காஞ்சிபுரத்தில் வேலையில் இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். போன் பாய் பேர்ல கீதே, இப்ப யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க என்று கேட்டார். அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நினைத்துச் சொல்லவில்லை, இத்தனை வருஷமாக வாசலில் யார் வந்து கேட்டாலும் சொல்கிற பதில், அதுவாக வந்துவிட்டது. சரிம்மா என்று போய்விட்டார். மறுபடி வந்தபோதும் அதையே சொன்னேன், அப்போது தெரிந்தேதான் சொன்னேன்.

நேற்று திரும்பவும் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் மவுத்தாகிவிட்டார் என்றேன். எல்லோரும் என்னிடம் சொன்ன வார்த்தை, நான் யாரிடமும் சொன்னதில்லை.  அதற்கு அவர், எனக்குத் தெரியும்மா, பாயைத் தூக்கிக்கினு போறப்ப நானுந்தான் பின்னால வந்தேன், நீங்க கடைக்குப் போயிருக்காருன்னு சொல்றப்ப நான் இன்னான்னு சொல்றது, அதான் போயிட்டேன் என்றார். போனை என் பேருக்கு மாற்றினால் உடனே நெட் கொடுத்துவிடலாமாம். மாமா இன்று லீவு போட்டுவிட்டு அதற்காக ஆபீசுக்குப் போயிருக்கிறார். முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. நெட் வந்ததும் மாமா சொல்லுவார், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கம்ப்யூட்டரில் வா. நான் வெள்ளைச் சேலையில் இருப்பேன், திடுக்கிடாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எனக்கு இன்னும் அழுகையே வரவில்லை, உன்னைப் பார்த்தும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் லைன் போய்விட்டது என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதே மகனே, கொஞ்ச நேரம் அப்படியே இரு.

உன் அம்மா,
தாஜுன்னிசா
உத்திரமேரூர்