‘போகிறேன்’ என்ற சொல் குறித்துக் கூகைமலைக் கோட்டைக்கு

அவையில் இருந்தோர்: வெண்கானல் நாடுடைய அரசர் ஏறுமாறர். படைமுதலி வல்லங்கிழார். கூகைமலைக் கோட்டையின் காவல்வீரன் மருதன் கோவன். அவன் மனைவி உமையாட்டி. அவளுடைய தமையன், செக்கு ஆட்டும் சேந்தன். ஓலை எழுதுவோன் பூதன். வேறு எவரையும் அரசர் இருக்கவிடவில்லை.

கூகைமலைக் கோட்டைத் தலைவர் நெடுங்காரியார் காண்க. உம் மதில் உறுதியாய் நிற்க. உம் சுனை வற்றாதிருக்க. வடக்குக் கணவாயில் நீர் விழித்திருப்பதால் உறங்கும் ஊர்கள் அனைத்தின் வாழ்த்தும் உம்மைச் சேர்க. அரசர் திருவாய் மலர்ந்த கட்டளையும், அதற்குக் காரணமாய் அவையில் நடந்ததும் இதில் எழுதப்படுகின்றன. காரணம் அறியாமல் கட்டளையை மட்டும் படித்தால் நீர் சிரிப்பீர் என்பதால், முழுவதும் எழுதும்படி அரசர் சொன்னார்.

விண்ணப்பம் செய்தவன் கோவன். பதினோராண்டாக உம் வடக்கு வாயிலில் வேல் பிடிப்பவன். தமையன் வீட்டில் இருக்கும் மனைவி தன்னை உள்ளே விடவில்லை, அரச ஆணையால் அந்தக் கதவைத் திறந்து தரவேண்டும் என்பதே அவன் கேட்டது. கோட்டைக் கதவைத் தவிர வேறு கதவோடு பழகாதவன். எல்லாக் கதவும் ஆணைக்குத் திறக்கும் என்று நம்பியிருந்தான்.

சென்ற ஐப்பசியில், விடுப்பு முடிந்த காலையில் நடந்தது இது. உமையாட்டி கட்டுச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கோவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். தெருவில் படைக்கொம்பு ஊதியது. அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. மனைவியின் முகத்தைப் பாராமல், மதிலில் காவல் மாறும்போது சொல்வதைப் போலவே உரத்த குரலில் ‘போகிறேன்’ என்றான், நடந்தான். பின்னால் அவள் மூட்டையை நீட்டியதை அவன் காணவில்லை.

நம் நாட்டில் அடுத்த தெருவுக்கு உப்பு வாங்கப் புறப்படுகிறவனும் ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வான். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்பவன் உறவை அறுத்துக்கொண்டு போகிறவன். எதிர்வீட்டுப் பெண்கள் மூவர் அதைக் கேட்டார்கள். உச்சிவேளைக்குள் தெரு முழுவதும் உமையாட்டியைக் கைவிடப்பட்டவள் ஆக்கிவிட்டது. அவள் கோட்டைக்கு இரண்டு ஓலை அனுப்பினாள். விடை வரவில்லை. அவன் போன எட்டாம் மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு ஓலையும் உம் பெட்டியில் கிடந்தன, நெடுங்காரியாரே. வீட்டுச் செய்தி காவலனின் கவனத்தைக் கெடுக்கும் என்று நீர் வைத்துக்கொண்டீர். இந்த ஐப்பசியில் விடுப்பில் புறப்பட்ட அன்றுதான் அவன் கைக்கு வந்தன.

கோவன்மேல் பிழையில்லை என்று படைமுதலி எடுத்துரைத்தார். இருபதாண்டுக்கு முன் காவல் முடித்த ஒருவன் ‘போய் வருகிறேன்’ என்று கூவ, காற்றில் முன்பாதி அழிந்து ‘வருகிறேன்’ மட்டும் வாயிலில் கேட்டதாம். அது வெளியே நிற்கும் நம்மவன் கொடுக்கும் குரல் என்பதால் கதவைத் திறந்தார்களாம். வெளியே நின்றவர்கள் நம்மவர்கள் அல்லர். அன்று நாற்பத்தொரு பேர் செத்தார்கள். அதன்பின், கோட்டையில் புறப்படுகிறவன் ‘போகிறேன்’ என்றே சொல்லவேண்டும், தவறினால் ஆறு பிரம்படி என்று விதித்தவர் இதே படைமுதலி. முதலாண்டில் வாங்கிய தழும்பு கோவனின் முதுகில் இன்னும் இருக்கிறது.

சேந்தன் இடையில் புகுந்தான். “மாப்பிள்ளை தாலி கட்டினது அந்த வேலுக்குத்தான். என் தங்கச்சி துணைக்கு நின்னவ” என்றான். அரசர் அவனை அமர்த்திவிட்டு, அது கோட்டைப் பேச்சு என்று தெரிந்தபின் வழக்குத் தீர்ந்ததா என்று உமையாட்டியைக் கேட்டார். அவள் வாய்ச்சொல் மாறாமல் எழுதப்படுகிறது.

“அது கோட்டைப் பேச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க. தெருவுக்குத்தான் தெரியாது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா நானே தெருவுக்குச் சொல்லியிருப்பேன். வீட்டுல இருந்த நாலு நாளும் வாசலைப் பார்த்தே உக்காந்திருந்தார். மக பக்கத்துல வந்தா, யாருன்னு அதட்டினார். அது அவரைக் கோட்டைக்காரர்னுதான் சொல்லுது.”

நாலு நாளா என்று அரசர் கேட்டார். விடுப்பு ஆண்டுக்கு ஒருமுறை பன்னிரண்டு நாள்; நடந்து வர நான்கு, நடந்து போக நான்கு. மணமாகி எட்டாண்டு. அரசர் விரல்விட்டு எண்ணினார்: முப்பத்திரண்டு நாள். படைமுதலி தரையைப் பார்த்தார்.

“நான் கெட்டவன் இல்லீங்க. அங்க உள்ளதை இங்க கழட்டி வைக்கத் தெரியல” என்றான் கோவன். அந்தப் பதினொரு ஆண்டில் அவனிடம் எவரும் அதைக் கழற்றிவைக்கச் சொன்னதில்லை.

கோட்டைக் கதவு எனக்கு உரியது, அந்தக் கதவு அவளுக்கு உரியது, அதற்கு ஆணையிட மாட்டேன் என்று அரசர் அவன் விண்ணப்பத்தை மறுத்தார். உமக்கு இட்ட ஆணை இது.

இவ்வோலை கண்ட நாள்முதல் மதிலைவிட்டுப் புறப்படுகிறவன் ‘போய் வருகிறேன்’ என்றே சொல்லக் கடவன். வெளியே நின்று வாயில் திறக்கக் கேட்பவன் தன் பெயரையும் தாயின் பெயரையும் சொல்லக் கடவன். விடுப்பு இனி நாற்பது நாள். வீட்டு வாசலை மிதித்த நாளிலிருந்து எண்ணுக. விடுப்பில் வந்தவனைத் திரும்ப அழைக்க அவன் தெருவில் கொம்பு ஊதலாகாது. வீட்டிலிருந்து வரும் ஓலையை வந்த பொழுதே உரியவன் கையில் கொடுக்க. வைத்துக்கொள்பவர் கோட்டைத் தலைவரே ஆனாலும் ஆறு பிரம்படி. இதைக் கொடிமரத்தடியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நீரே நின்று வாசிக்க. இது ஏறுமாறர் சொல். மதில் உள்ளளவும் நிற்கும். நாரை இலச்சினை இடப்பட்டது.

இலச்சினைக்குப் பின் ஓலை எழுதுவோன் சேர்த்தது. ஆணையை இருவருக்கும் வாசித்துக் காட்டும்படி அரசர் பணித்ததால், பூதன் மறுநாள் சேந்தன் வீட்டுக்குப் போனான். கோவன் ஏற்கெனவே தெருவில் நின்றிருந்தான். உமையாட்டி படியில் நின்று கடைசி வரி வரை கேட்டாள்.

“சட்டம் மாறிடுச்சு, உமை” என்றான் கோவன்.

“நல்லது. இனிமே கட்டிக்கிறவங்களுக்கு ஆகும்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

மகள் தத்தை வெளியே வந்து பார்த்தாள். கோவன் குனிந்து கையை நீட்டினான். அழைக்கும் கை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தடுக்கும் கை போலவே நீண்டது. குழந்தை தாயின் பின்னால் ஒதுங்கினாள். உமையாட்டி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை அறையவில்லை; மெதுவாகத்தான் சாத்தினாள். பிறகு உள்ளே தாழ் விழுந்தது.